குடல் செயலிழப்புக்கு நெடுங்கால ஊட்டம்

உண்டதிலிருந்து உயிர் தரிக்கப் போதுமான சத்தையும் நீரையும் உப்பையும் சிறுகுடலால் உறிஞ்ச முடியாமல் போகும் நிலையே குடல் செயலிழப்பு. வளர்ந்தவரின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். குடலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டோ, குடல் முறுக்கிக்கொண்டோ, காசநோய், குரோன் நோய் போன்றவற்றாலோ பெரும்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்து, எஞ்சியது 2 மீட்டருக்குக் குறைந்தால் சிக்கல் தொடங்குகிறது. பெருங்குடலோடு இணைக்க வழியின்றி, மீந்தது 1 மீட்டருக்கும் குறைந்து, அதுவும் வயிற்றுத் தோலில் திறக்கும்படி விடப்பட்டால், அவர் பெரும்பாலும் ஆயுள் முழுதும் ரத்தக்குழாய் வழியாகவே ஊட்டம் பெற வேண்டியிருக்கும். சென்னை ராயப்பேட்டை அரசு மருத்துவமனை 1911இல் தொடங்கியபோது, இப்படிப்பட்ட நோயாளியை நெடுநாள் வாழவைக்கும் வழி உலகில் எங்கும் இல்லை. இன்று வழி இருக்கிறது. அந்த வழி திறந்தது ஊட்டக் கரைசலைக் கண்டுபிடித்த நாளில் என்றே பொதுவாக எழுதுகிறார்கள். ஆனால் ஊட்டும் வேலையை மருத்துவமனை தன் கையிலிருந்து நோயாளியின் வீட்டுக்கு ஒப்படைத்தபோதுதான் அது உண்மையில் திறந்தது. தமிழ்நாட்டில் விடுபட்டு நிற்பதும் அந்த ஒப்படைப்பே.

கரைசலின் கதையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். கையில் ஏற்றும் அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறத்தாழ 100 கலோரி, அதாவது இரண்டு இட்லி. “குளுக்கோஸ் ஏத்தியாச்சு, தெம்பு வந்துடும்” என்று நம் வீடுகளில் நிலவும் நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஒருவரின் ஒரு நாள் தேவையை இப்படியே நிறைவுசெய்யப் பதினைந்துக்கும் மேற்பட்ட பாட்டில்கள் வேண்டும். அவ்வளவு நீரைத் தாங்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துவிடும். கரைசலை அடர்த்தியாக்கினால் கையிலுள்ள சிறிய சிரை வெந்து அடைபட்டுவிடும். 1656இல் கிறிஸ்டோபர் ரென் இறகுக் குழலால் நாயின் சிரைக்குள் மது செலுத்திப் பார்த்ததும், 1832 காலரா காலத்தில் ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா உப்புக் கரைசல் ஏற்றியதும் பெரிய அடிகள்தாம். ஆனால் எதுவும் உணவாகவில்லை. 1952இல் மருத்துவர் ஓபனியாக் கழுத்தெலும்பின் கீழுள்ள பெருஞ்சிரையை ஊசியால் எட்டும் முறையை விவரித்தார். அங்கே ரத்தம் வேகமாகப் பாய்வதால் அடர்ந்த கரைசலும் உடனே நீர்த்துவிடும். சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் 1961இல் சோயா எண்ணெயையும் முட்டைக் கரு பாஸ்போலிப்பிடையும் கொண்டு, சிரைக்குப் பாதுகாப்பான கொழுப்புப் பாலை உருவாக்கினார். பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழு நாய்க்குட்டிகளைச் சிரை வழியாக மட்டுமே வளர்த்துக் காட்டியது. பின்னர் சிறுகுடல் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு பச்சிளங்குழந்தை அதே முறையில் எடை கூடி வளர்ந்ததை 1968இல் வெளியிட்டது.

அத்தோடு முடிந்திருந்தால், மருத்துவமனைக் கட்டிலில் சாவைத் தள்ளிப்போடும் உத்தியாகவே இது நின்றிருக்கும். அடுத்த திருப்பத்தில் நம் மண்ணில் படித்த ஒருவரின் பங்கு பெரிது. ரங்கூனில் பிறந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று டொராண்டோ சென்றவர் குர்ஷித் ஜீஜீபாய். ரத்த அடைப்பால் குடலை இழந்த ஒரு பெண் 1970இல் அவரிடமும் அறுவை மருத்துவர் பெர்னார்ட் லாங்கரிடமும் வந்தார். தனக்குத் தானே இரவில் கரைசலை ஏற்றிக்கொள்ளப் பழக்கி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் சுமார் இருபது ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தார். அதே காலத்தில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், வீட்டு டயாலிசிஸில் கற்றதை இதற்குக் கொண்டுவந்தார். தோலுக்கடியில் சுரங்கமாய்ச் செல்லும் பிரோவியாக் குழாய் 1973இலும், ஹிக்மன் குழாய் 1979இலும் வெளிவந்தன. ஊட்டக் கரைசலில் குரோமியமும் தேவைப்படலாம் என்பதைக்கூட வீட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த நோயாளிதான் கற்பித்தார்: சர்க்கரைக் கட்டுப்பாடு குலைந்து நரம்புகள் தளர்ந்த ஒருவர் குரோமியம் சேர்த்ததும் தேறியதை 1977இல் ஜீஜீபாய் குழு அறிவித்தது. சில வாரக் கட்டில் சிகிச்சையில் இந்தக் குறை தலைகாட்டியிருக்காது. வீடுதான் இந்தத் துறையின் ஆய்வுக்கூடமாகவும் இருந்தது.

இவ்வளவு சிக்கலான வேலையை நம் குடும்பங்களிடம் ஒப்படைக்க முடியுமா என்பதே முதல் ஆட்சேபம். குழாய் ஊட்டத்தின் வரலாறு இதற்கு விடை வைத்திருக்கிறது. ஜான் ரைல் 1921இல் விவரித்த மெல்லிய குழாய் ‘ரைல்ஸ் ட்யூப்’ என்ற பெயரிலேயே இன்றும் நம் வார்டுகளில் புழங்குகிறது. வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப் துணையுடன் இரைப்பைக் குழாய் பொருத்தும் முறையை மருத்துவர்கள் காடரரும் பான்ஸ்கியும் 1980இல் வெளியிட்டார்கள். ஆசிட் குடித்து உணவுக்குழல் வெந்தவர்களும் உணவுக்குழல் புற்றுநோயாளிகளும் சிறுகுடலில் ‘எஃப்.ஜே.’ எனப்படும் ஊட்டக் குழாயோடு வீடு திரும்புவது தமிழ்நாட்டு அறுவை வார்டுகளுக்குப் புதிதல்ல. வடிகட்டிய கஞ்சியையும் மோரையும் பாலையும் வேளை தவறாமல் ஏற்றிக் குழாயை அலசிவிடும் வேலையை, பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனைவியரும் தாய்மாரும் மாதக்கணக்கில் செய்கிறார்கள். திறமை இருக்கிறது. இல்லாதது பயிற்சியும், தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கும் செவிலியும். சிரைக் குழாய் இதைவிட ஆபத்தானது என்பது உண்மைதான். ஒருமுறை கை கழுவாமல் தொட்டாலும் ரத்தத்தில் கிருமி புகுந்துவிடலாம். ஆனால் வயிற்றறைக்குள் திரவம் ஏற்றும் சிறுநீரக டயாலிசிஸிலும் இதே ஒழுக்கம் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை அரசே வீட்டுக்குக் கொண்டுசேர்க்கிறது. சிறுநீரகத்துக்கு முடிந்தது குடலுக்கு முடியாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

வெயிலும் மின்வெட்டும் தடையல்லவா என்பார்கள். முன்கூட்டிக் கலந்து வைத்த கரைசலுக்குக் குளிர்பெட்டி கட்டாயம். ஆனால் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு மூன்றும் தனித்தனி அறைகளில் இருக்கும் பைகளை ஏற்றும் வேளையில்தான் அழுத்திக் கலக்கிறோம். அதுவரை அவை சாதாரண அலமாரியில் இருக்கலாம். கடும் கோடையில் அந்த அலமாரியும் 25 பாகைக்குள் இருக்குமா என்ற கவலை நியாயமானது. சிறுகச் சிறுகக் கொண்டுதருவது அதற்கு ஓரளவு தீர்வு. செலவுதான் மிகக் கனமான ஆட்சேபம். நாள்தோறும் பை வாங்குவது நடுத்தரக் குடும்பத்தையும் சில மாதங்களில் முறித்துவிடும். சிறுகுடல் மாற்று அறுவையே சிக்கனம் என்று சிலர் வாதிடுகிறார்கள். சென்னையில் அது நடக்கவும் செய்கிறது. அப்போலோவில் அனில் வைத்யா குழு 2010களில் செய்தது. 2022இல் ரேலா மருத்துவமனையில் தந்தையின் குடல் பகுதி ஒரு குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. இவை பெரிய சாதனைகள். ஆயினும் குடல் நிராகரிப்பு கடுமையானது. வீட்டு ஊட்டம் நிலைபெற்ற நாடுகளில், சிரைகள் அடைபட்டோ கல்லீரல் கெட்டோ அந்த வழி தோற்கும்போதுதான் மாற்று அறுவைக்குப் போகிறார்கள். இங்கே வீட்டு ஊட்டம் பரவலாக இல்லாததால், மாற்றுக்குத் தகுதியானவரும் உறுப்பு கிடைக்கும்வரை உடல் தாங்காமல் போகக்கூடும். மேலும், எஞ்சிய குடல் ஓரிரு ஆண்டுகளில் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. பெருங்குடல் மிஞ்சியவர்களில் பலர் சிரை ஊட்டத்திலிருந்து விடுபடுகிறார்கள். அவர்களுக்குத் தேவை ஆயுள் செலவல்ல, அந்த இடைக்காலத்தைக் கடத்தும் உதவி. அரசின் மருத்துவக் காப்பீடு அறுவைக்குப் பணம் தரும்போது, அந்த அறுவை காத்த உயிரை நிலைநிறுத்தும் மாதங்களையும் அதில் சேர்ப்பதே முறை.

பணம் அதிகம் தேவைப்படாத வேலைகளும் உண்டு. அவை கவனக்குறைவால் விடுபடுவதுதான் வேதனை. வயிற்றுத் தோலில் திறக்கும் குடலின் மேல்துளையிலிருந்து வழியும் நீரைச் சேகரித்து, கீழ்த்துளை இருந்தால் அதன் வழியே திரும்பச் செலுத்தினால் நீரும் உப்பும் மிச்சமாகின்றன. கீழ்க்குடலும் சுருங்காமல் இருக்கிறது. குடல் குறுகி வயிற்றில் துளையோடு வாழ்பவர் தாகத்துக்கு வெறும் தண்ணீரோ இளநீரோ நிறையக் குடித்தால் நீர்வறட்சி கூடவே செய்யும். சோடியம் குறைந்த திரவம் மேற்குடலிலிருந்து உடலின் உப்பை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் சோடியத்தை லிட்டருக்கு 90 மில்லிமோலிலிருந்து 75ஆகக் குறைத்தது. வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கு அது சரியான முடிவு. இவர்களுக்கு வேண்டியதோ பழைய 90. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருத்துவர் சொல்லும் அளவுக்குக் கூடுதல் உப்பைச் சேர்த்துக் கரைக்கவும், மற்ற பானங்களை நாளுக்கு அரை லிட்டர் அல்லது ஒரு லிட்டருக்குள் நிறுத்தவும், துளையில் பொருத்திய பையில் வழியும் அளவையும் சிறுநீரின் அளவையும் நோட்டில் குறிக்கவும் தமிழில் எழுதிய ஒரு தாளோடு கற்றுத்தர வேண்டும்.