பழைய ஏடுகளில் ஓர் ஆங்கிலேயரைத் தேடி

ஜூபிலி ஆண்டு என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவன கொடியேற்றமும் தேர்ப்பவனியும். மலர்க் குழுவினராகிய நமக்கு வாய்த்த வேலையோ வேறு. சக்ரீஸ்து அலமாரியில் செல்லரித்துக் கிடந்த ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தூசு தட்டி எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். மங்கிய மையில் ஒரு குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசியில் குருவின் கையொப்பம். ஒரே வரிக்குள் ஒரு குடும்பம் அடங்கிக் கிடக்கிறது.

இத்தகைய ஒரு வரிக்காகவே கடல் கடந்த நாடுகளிலிருந்து எத்தனையோ பேர் நம் நாட்டுக் கோயில்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கம்பெனியார் காலத்தில் இங்கிலாந்தை விட்டு இங்கே பிழைக்க வந்த தம் முன்னோர் எப்போது வந்தார், யாரை மணந்தார், எங்கே அடக்கமானார் என்பது அவர்கள் கேள்வி. ஏடுகளைக் கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் பின்தொடர முடியும்? இதைப் பார்க்க ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் ஜோப் சார்னாக். ஜோப் என்பது விவிலியத்து யோபுவின் பெயர்தான். கல்கத்தாவை நிறுவியவர் என்று நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்தது இவரைப் பற்றியே. கல்கத்தா மனிதரைச் சென்னைப் பக்கத்தில் நாம் ஏன் தேட வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அவர் வாழ்க்கையை ஆராய்பவர் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு வரி, சென்னைக் கோட்டைக் கோயிலின் பதிவேட்டில் இருக்கிறது.

முதலில் லண்டன். சார்னாக் ஏறத்தாழ 1630ஆம் ஆண்டில் பிறந்தவர். லண்டன்வாசியான ரிச்சர்டு சார்னாக்கின் இரண்டாம் மகன். குடும்பம் லங்காஷயரைச் சேர்ந்தது. அந்நாட்களில் பேர்பெற்ற பியூரிட்டன் போதகரான ஸ்டீபன் சார்னாக் பெரும்பாலும் இவருடைய அண்ணனாக இருக்கலாம் என்பர். இங்கிலாந்தின் கோயில்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்கும்படி 1538இலேயே அரசாங்கத்தின் கட்டளை பிறந்துவிட்டது. நமது திருச்சபையில் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதிவைப்பதை எல்லாப் பங்குகளுக்கும் கடமையாக்கிற்று. ஞானப் பெற்றோரின் பெயர்களையும் ஏட்டில் ஏற்ற வேண்டுமென்று அச்சங்கம் கண்டிப்பாகக் கூறியது. நம் அலமாரியில் உள்ள ஏடுகளின் பூர்வீகம் அதுதான்.

இனி வங்காளம். கம்பெனி ஊழியர் பட்டியலில் சார்னாக்கின் பெயர் 1658ஆம் ஆண்டு ஜனவரியில் தென்படுகிறது. காசிம்பஜார் பண்டகசாலையில் நான்காம் நிலை ஊழியர், சம்பளம் ஆண்டுக்கு 20 பவுன். இவ்வளவே அந்த வரி. இன்றைய குமாஸ்தாவின் பணிப்பதிவேடு போன்றதுதான். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவரோ, பாட்னா பண்டகசாலைக்குத் தலைவராக்கினால் தங்குவதாகச் சொல்லி, 1664இல் அப்பதவியைப் பெற்றுக்கொண்டார். பாட்னாவில் வெடியுப்பு வாங்கிக் கப்பலேற்றுவது முக்கிய வாணிகம். ஐரோப்பாவின் பீரங்கிகளுக்கு மருந்து அங்கிருந்து போயிற்று. ஏறக்குறைய 16 ஆண்டுகள் அவர் அங்கேயே இருந்தார். பிறந்த நாட்டை அவர் மறுபடி கண்ணால் பார்க்கவேயில்லை.

இந்தப் பாட்னா நாட்களில்தான் அவருக்கு ஓர் இந்துப் பெண்ணுடன் வாழ்க்கை அமைந்தது. இங்கேதான் ஏடுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்குகின்றன.

வங்காளத்தில் கம்பெனியின் தலைவராயிருந்த வில்லியம் ஹெட்ஜஸ் என்பவர் 1682 டிசம்பரில் தம் நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதினார். சார்னாக்குடன் வாழும் பெண் தன் கணவனின் பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள். வழக்கு நவாபுவரை போயிற்று. சார்னாக் 3,000 ரூபாயும் துணிமணிகளும் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டார் என்பது அச்செய்தி. அது ஹெட்ஜஸ் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது. மேலும் ஹெட்ஜஸுக்கும் சார்னாக்குக்கும் தீராப் பகை. பகைவன் எழுதிய நாட்குறிப்பை அப்படியே நம்புவது நியாயமாகாது.

மற்றொன்று அலெக்சாண்டர் ஹாமில்டன் என்னும் கப்பல் தலைவர் 1727இல் அச்சிட்ட பயண நூலில் வருகிறது. உடன்கட்டை ஏற நின்ற இளம் விதவையைக் கண்டு மனமிரங்கிய சார்னாக், காவல் வீரரைக் கொண்டு அவளைச் சிதையிலிருந்து மீட்டு மனைவியாக்கிக்கொண்டார். அவளைக் கிறிஸ்தவளாக்குவதற்குப் பதிலாகத் தாமே அவள் மதத்துக்குச் சாய்ந்தார். அவள் இறந்தபின் ஆண்டுதோறும் அவள் கல்லறையில் சேவல் பலியிட்டார் என்று கதை போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாடகக்காரர் கையில் கிடைத்தால் விடமாட்டார்கள். ஆனால் சார்னாக் இறந்து 34 ஆண்டுகளுக்குப் பின் அச்சேறிய கதை இது என்பதை மறக்கலாகாது.

ஓடிவந்தவளா, மீட்கப்பட்டவளா? இரண்டில் எதை ஏற்பது என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டையும் எழுதியவர்கள் ஆண்கள், ஐரோப்பியர். இருவருமே அப்பெண்ணின் பெயரை எழுதவில்லை. மரியா என்று அவளுக்குப் பெயரிட்டார் சார்னாக் என்று பிற்காலத்தில் சிலர் சொல்லத் தொடங்கினர். அதற்கு அக்காலத்து ஏடு ஒன்றும் சான்றில்லை.

இப்போது சென்னைக்கு வருவோம். 1686இல் கம்பெனியாருக்கும் மொகலாய அதிகாரிகளுக்கும் சண்டை மூண்டு, வங்காளத்தில் ஆங்கிலேயர் நிலைகுலைந்தனர். அவர்கள் எல்லாரும் கப்பலேறி 1689 மார்ச்சில் சென்னை வந்து சேர்ந்தார்கள். அப்போது இங்கே கவர்னர் எலிஹு யேல். அந்த அகதிக் கூட்டத்தில் சார்னாக்கும் அவர் மகள் மூவரும் இருந்தனர். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அவர்கள் நம் பட்டணத்தில் தங்கினார்கள். வந்த ஐந்தாம் மாதம், 1689 ஆகஸ்டு 19ஆம் நாள், கோட்டைக்குள் இருக்கும் புனித மரியன்னை ஆங்கிலிக்கன் கோயிலில் மேரி, எலிசபெத், கேத்தரின் ஆகிய மூவரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1680 அக்டோபர் 28இல் அபிஷேகமான அக்கோயிலுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை.

சென்னைக் கோயில்களின் பதிவுகளைப் பிரதியெடுத்து லண்டனுக்கு அனுப்பிய வரிசை 1698ஆம் ஆண்டிலிருந்துதான் அங்கே கிடைக்கிறது. ஆகவே லண்டன் பிரதிகளை மட்டும் நம்பித் தேடுகிறவர், 1689இல் நடந்த இந்த ஞானஸ்நானத்தைக் காணாமலே போய்விடக்கூடும். கோயிலின் சொந்த ஏடு அழியாமல் இருந்ததால்தான் நமக்கு இது தெரிகிறது. தாம் மதம் மாறிப்போனதாகச் சொல்லப்பட்ட ஒரு தகப்பன், தம் பெண்மக்களை ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்து வந்திருக்கிறார். ஹாமில்டனுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏட்டிலும் தகப்பன் பெயர் உண்டு, தாயின் பெயர் இல்லை.

கோட்டைக்குள் அந்நாட்களில் நமது கோயிலும் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரெஞ்சு நாட்டுக் கப்புச்சின் குருவான நெவேர் எப்பிரேம் சுவாமியார் 1642இல் பெகு நாட்டுக்குப் போகும் வழியில் சென்னைக்கு வந்தார். கோட்டையார் வேண்டிக்கொள்ள இங்கேயே தங்கி, பெலவேந்திரர் பேரால் கோயில் எழுப்பினார். சார்னாக் வந்தபோதும் அந்த வயோதிகக் குரு உயிரோடிருந்தார். கோட்டை வீரரில் பலர் போர்த்துக்கீசிய வழிவந்த கத்தோலிக்கப் பெண்களை மணந்தனர். இதனால் கலக்கமடைந்த கவுன்சில், இப்படிப்பட்ட கலப்பு மணங்களில் பிறக்கும் பிள்ளைகளைப் புராட்டஸ்டண்டு முறையிலேயே வளர்ப்பதாகத் திருமண ஓலை வாசிக்குமுன் இருவரும் வாக்குக் கொடுக்கவேண்டுமென்று 1680இல் விதித்தது. 1687இல் லண்டன் டைரக்டர்கள் வேறொரு யோசனை எழுதி அனுப்பினர். இந்நாட்டுப் பெண்ணை மணந்த வீரனுக்குக் குழந்தை பிறந்தால், அதற்கு ஞானஸ்நானம் ஆகும் நாளன்று தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கலாமாம்! தாயின் கைக்கு வராகன் கொடுக்க நினைத்தவர்களும், அவள் பெயரை ஏட்டில் எழுதும்படி கட்டளையிட்டதாகத் தெரியவில்லை. ஆங்கிலேய முன்னோரைத் தேடுகிறவர்கள் பலர், தாய்வழியில் வந்ததும் வழி அடைபட்டு நிற்பதற்குக் காரணம் இதுவே.

மொகலாயருடன் சமாதானம் ஏற்பட்டபின் சார்னாக் வங்காளம் திரும்பினார். 1690 ஆகஸ்டு 24ஆம் நாள் ஹூக்ளிக் கரையில் சுதாநுதி என்னும் ஊரில் இறங்கினார். அதை வைத்தே கல்கத்தாவின் பிறந்தநாள் என்று நெடுங்காலம் கொண்டாடினர். அங்கே ஏற்கெனவே ஊரும் மக்களும் இருந்தார்கள் என்பதால், சார்னாக்கை நிறுவனராகக் கொள்ளலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். நாம் தேடுவது நகரத்தையன்று, குடும்பத்தை.

கடைசி ஏடு கல்லில் இருக்கிறது. கல்கத்தா புனித யோவான் கோயில் வளாகத்தில் அவருடைய கல்லறை மண்டபம் உள்ளது. லத்தீன் மொழியில் பொறித்த கல்வெட்டு, தமக்குச் சொந்தமல்லாத மண்ணில் நெடுங்காலம் பரதேசியாய்த் திரிந்தவர் 1692 ஜனவரி 10ஆம் நாள் தமது நித்திய வீட்டுக்குத் திரும்பினார் என்னும் கருத்தைச் சொல்கிறது. உயிர்ப்பின் நம்பிக்கையில் துயில்கிறார் என்றும் உண்டு. பூசையில் லத்தீன் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அந்நடை அந்நியமாயிராது.

ஆனால் 1692 என்று கல்லில் உள்ளதை வரலாற்று நூல்கள் 1693 என்கின்றன. கல் பொய் சொல்லவில்லை. அந்நாளைய இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பது ஜனவரி முதல் நாளன்று, தேவமாதாவின் மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25இல். ஆகவே ஜனவரி மாதம் பழைய ஆண்டைச் சேர்ந்தது. பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் 1582இல் நாட்காட்டியைத் திருத்தியபோது, பாப்பரசர் செய்தது என்பதாலேயே ஆங்கிலேயர் அதை ஏற்கவில்லை. 1752 வரை பிடிவாதமாக இருந்தனர். சார்னாக் இறந்த அதே நாளைப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1693 ஜனவரி 20 என்று எழுதியிருப்பர். பழைய ஏடுகளில் முன்னோரைத் தேடுகிறவர் முதலில் இடறி விழும் கல் இதுதான்.

அவர் மகள்மாரின் கல்வெட்டும் அங்கே உண்டு. மூத்தவள் மேரி, சார்லஸ் அயர் என்பவரின் மனைவி, 1697 பிப்ரவரி 19இல் இறந்தாள். கல்லில் 1696-7 என்று இரண்டு ஆண்டும் பொறித்திருக்கிறார்கள். எந்தக் கணக்கு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும்! இளையவள் கேத்தரின், ஜோனத்தான் ஒயிட் என்பவரின் மனைவி, 1701 ஜனவரி 21இல் தலைப்பிரசவத்தில் இறந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பதாம் வயது நடந்தது என்கிறது கல். கழித்துப் பார்த்தால் அவள் பிறந்தது ஏறக்குறைய 1682இல். சென்னைக் கோட்டைக் கோயிலில் தொட்டியருகே நின்றபோது அவள் கைக்குழந்தையல்ல, ஏழு வயதுச் சிறுமி. மூத்தவர் இருவரும் அதற்கும் மேற்பட்டவர்கள். சென்னை ஏட்டையும் கல்கத்தாக் கல்லையும் சேர்த்துப் படித்தாலன்றி இது தெரியாது.

அக்கல்லறைக்கான கருங்கல் நம் பல்லாவரத்துக் கல் என்பது இன்னொரு செய்தி. புனித தோமையாரின் பரங்கிமலைக்கு அருகிலுள்ள அதே பல்லாவரம்தான். நிலநூல் வல்லுநர் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்கே சார்னோக்கைட் என்று 1893இல் பெயர் வைத்தார். உலகெங்கும் இன்று அப்பெயரே வழங்குகிறது. கல்லுக்குப் பெயர் கிடைத்தது. மகள்மாருக்கும் மருமகன்மாருக்கும் கல்லில் இடம் கிடைத்தது. அவர்களைப் பெற்றவளின் பெயர் அங்கும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கையில், நமது பங்கின் பழைய ஏடுகளிலும் சில வரிகளில் தாய் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டோம். மை மங்கியதா, எழுதவே இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஏட்டில் நாம் கைவைக்க உரிமையில்லை. ஆனால் தனியே ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறோம். தங்கள் பாட்டி, பூட்டியின் பெயரும் ஊரும் அறிந்த பெரியோர், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வந்து சொன்னால் எழுதிக்கொள்வோம். எழுந்து வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் நாமே வீட்டுக்கு வருகிறோம்.