பட்டம் மாறிய மண்ணில் காய்கறிப் பயிர்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ் உழவர் தலைமுறைதோறும் காத்துவந்த முதுமொழி. ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை பயிரைத் தாங்கும். மார்கழியிலும் தையிலும் அவரையும் கத்தரியும் வீட்டை நிறைக்கும். எப்பயிரை எப்போது இடுவது என்னும் வினாவிற்குத் தமிழகத்தில் விடை கூறியது பஞ்சாங்கமே எனலாம். அம்மண்ணை விட்டு மலாயாவிற்குப் பெயர்ந்த தொழிலாளர், மூட்டை முடிச்சுகளோடு இம்முதுமொழியையும் சுமந்து வந்தனர். ஆயின், கிள்ளான் பள்ளத்தாக்கின் வானம் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

கோலாலம்பூரும் கிள்ளானும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் அமைந்தவை. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. கோலாலம்பூரிலோ அது 20 நிமிட அளவே. பகல் குறுகுவதைக் கண்டு பூக்கும் அவரை வகைகளுக்கு இங்கே ஆடியும் ஒன்றே, தையும் ஒன்றே. மழையும் ஆண்டு முழுவதும் பெய்யும். ஏப்ரலை ஒட்டி ஒருமுறையும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மறுமுறையும் அது மிகும். ஆகவே, எந்த மாதத்தில் விதைப்பது என்னும் பழைய வினாவினும், எந்தப் பயிர் இம்மழையைத் தாங்கும் என்னும் புதிய வினாவே இங்கு முதன்மை பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரம் ரப்பர்க் காடாக மாறியது. தோட்டத்து வாழ்வில் தொழிலாளர் தாமே முடிவு செய்யக்கூடியவை மிகச் சிலவே. விழிக்கும் நேரத்தைப் பெரட்டு மணி வகுத்தது. வெட்டும் நிரையைக் கங்காணி வகுத்தார். கூலியை நிருவாகம் வகுத்தது. இந்நிலையில், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமெனப் பணித்தது. அஃதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. இச்சிறு நிலத்தில் எதை நடுவது என்பதை எந்தத் துரையும் கட்டளையிடவில்லை. பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பின் எஞ்சிய பிற்பகலே இதற்குரிய பொழுது.

அப்பொழுதிற்கும் மண்ணிற்கும் ஏற்பவே பயிர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வேலியோரத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. இவை ஒருமுறை நட்டால் பல்லாண்டு பயன் தருபவை. பந்தலில் பாகலும் புடலும் பீர்க்கும் படர்ந்தன. வெண்டையும் பயற்றங்காயும் இரு மாத அளவில் காய்த்தன. மண்ணைக் கரைக்கும் மழையிலிருந்து கீரை விதையைக் காக்க மேட்டுப்பாத்தியும் வடிகாலும் அமைக்கப்பட்டன. தாழ்ந்து நீர் தேங்கிய இடத்தை மலாய்க்காரரும் சீனரும் விரும்பி உண்ட கங்குங் கீரைக்கு விட்டனர். தமிழகத்தில் அறிந்திராத பயிர்களும் அண்டை வீட்டார் வழியே தமிழர் அடுக்களையில் நுழைந்தன. வெங்காயம் போன்று ஈரம் பொறாத பயிர்கள் மெல்லக் கைவிடப்பட்டன.

இத்தேர்வின் பின்னே ஒரு கசப்பான கணக்கும் இருந்தது. மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்கு நாட்கூலியும் இல்லை. ஆகையால் மழை மிகுந்த அக்டோபர், நவம்பர் மாதங்களே கையில் காசு குறையும் மாதங்கள். கூலியைப் பறித்த அதே மழையில் செழிக்கக்கூடிய பசலையும் கங்குங்கும் வெண்டையுமே அந்நாள்களில் குழம்புச் சட்டிக்குத் துணை நின்றன.

இவ்வறிவின் பெருஞ்சோதனை ஜப்பானியர் காலத்தில் வந்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. மலாயா தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கிற்குப் பர்மா, சயாம் முதலிய நாடுகளையே நம்பியிருந்தது, அவ்வரத்துக் குன்றியது. ரப்பருக்குச் சந்தை இல்லை. 1943இல் ஆடவர் பலர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட, பல லயங்களில் மண்வெட்டி பெண்டிர் கைக்கு வந்தது. மரவள்ளி வயிற்றை நிரப்பும். ஆயின் முற்றுவதற்குப் பல மாதங்கள் ஆகும், புரதமும் மிகக் குறைவு. சர்க்கரைவள்ளி மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு தரும். அதற்கிடையில் கொழுந்தும் உணவாகும். கீரையோ மூன்று நான்கு வாரங்களில் பறிக்கத்தக்கது. விரைவில் வருவது, இடையில் வருவது, நெடுநாளில் வருவது என மூவகையும் சேர்த்து நட்ட வீட்டில், ஒன்று முற்றும்வரை மற்றொன்று உயிர் காத்தது. மரவள்ளி ஒன்றையே நம்பிய வீடுகளில் ஊட்டக்குறை நோய்கள் புகுந்தன.

நகரத்திலும் இம்மரபு ஒருவாறு தொடர்ந்தது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தபோது, முருங்கையும் கறிவேப்பிலையும் அவர்தம் புறக்கடைகளில் இடம்பிடித்தன. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வெற்றிடங்களில் உணவுப்பயிர் இடுமாறு மக்களை வேண்டினார். தோட்டத்து மக்களுக்கு அது புதிய பாடமன்று. அவர்கள் அரை நூற்றாண்டாக ஆற்றி வந்த பணியே.

எனினும், அந்நிலம் அவர்களுக்கு ஒருபோதும் உரிமையானதில்லை. வேலை போனால் வீடும் போகும். வீட்டோடு கொல்லையும் போகும். சீபில்டு தோட்டத்தில் சுபாங் ஜெயாவும், சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலமும் எழுந்தன. அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தோர்க்கு மேட்டுப்பாத்தி கட்ட இடமில்லை. முருங்கைக் கிளையைத் தொட்டியில் நட்டுப் பார்த்தவர் உண்டு; பதினாறில் ஒரு பங்கு ஏக்கரைத் தொட்டியில் அடக்க இயலுமா?

மலாயாத் தமிழர் வரலாற்றைக் கூலிப்பட்டியலிலும் கப்பற் பதிவேட்டிலும் மட்டும் தேடுவோர், கொல்லைப்புறத்தையும் ஏடாகக் கொள்ளுதல் வேண்டும். பஞ்சாங்கம் கைவிட்ட மண்ணில் வானத்தையும் அண்டை வீட்டாரையும் பார்த்துப் பயிர் தேர்ந்த அறிவு எழுத்தில் ஏறவில்லை. முதியோர் நினைவிலேயே எஞ்சியிருக்கிறது. தமிழ்ப்பள்ளி வளாகத்தில் நான்கு பாத்தி அமைத்து, எம்மாதத்தில் எது விளைந்தது என்று பாட்டியரைக் கேட்டு மாணவர் எழுதிவைப்பின், அப்பாத்தியில் காயோடு வரலாறும் விளையும்.