பிரேக் தேய்ந்தால் யார் சொல்வது? - ஒரு மெல்லிய ஒயரின் வரலாறு

தி.நகர் உஸ்மான் சாலையில் மாலை நேரத்தில் கார் ஓட்டுபவர்களின் கால் ஆக்ஸிலரேட்டரில் இருப்பதை விட பிரேக்கில் இருப்பதுதான் அதிகம். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பிரேக் பேட் கொஞ்சம் தேய்கிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும்? இந்தச் சின்னக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரில் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்து பிடிக்காமல் போயின. வழியில் செருப்பு தைக்கும் ஒருவரிடம், கட்டைகளின் மேல் தோல் வைத்து அடித்துத் தரச் சொன்னார். உலகின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்பார்கள். 1897ல் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட் லைனிங் செய்வதையே தொழிலாக்கினார். 'ஃபெரோடோ' என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான்.

சென்னைக்கும் காருக்கும் உள்ள உறவும் பழையது. 1903லேயே மவுண்ட் ரோடு சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் கார் கட்டினார். ஆனால் பிரேக் விஷயத்தில் இந்த ஊர் பெயர் வாங்கியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1962ல் டி.வி.எஸ். குடும்பமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. 1964ல் ராணே பிரேக் லைனிங்ஸ், 1974ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். ராணே குழுமத்தின் தலைமை அலுவலகம் பல ஆண்டுகள் மயிலாப்பூரை ஒட்டிய கதீட்ரல் சாலையில்தான் இருந்தது.

அந்தக் காலத்து அம்பாசிடரிலும் பத்மினியிலும் டிரம் பிரேக்தான். லைனிங் டிரம்முக்குள் மறைந்திருக்கும். தேய்ந்ததை வெளியிலிருந்து பார்க்க முடியாது. பெடல் வழக்கத்தை விடக் கீழே இறங்கினால், அல்லது லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் டிரம்மில் உரசி 'கரகர' என்றால்தான் தெரியும். அதாவது மெக்கானிக்கின் காதும் ஓட்டுநரின் காலும்தான் அன்றைய சென்சார். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உதிரி பாகம் வாங்கி வந்து மாற்றிவிடுவார்கள்.

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் 1953ல் லே மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க் பிரேக்குடன் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இதில் பேட் தேய்ந்ததைச் சொல்ல முதலில் ஒரு எளிய வழி வந்தது. பேடில் ஒரு சின்ன இரும்புத் தகடு. பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று கத்தும். இன்றும் நம் ஊர்ச் சாதாரணக் கார்கள் பலவற்றில் இதுதான். ஏ.சி. போட்டு, கண்ணாடி ஏற்றி, பாட்டும் வைத்துவிட்டால் அந்தக் கீச்சு யாருக்குக் கேட்கும்?

அதனால்தான் ஒயர் வந்தது. 1976ல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123ல் பேடுக்குள் ஒரே ஒரு ஒயர். பேட் தேய்ந்ததும் ஒயரின் முனை டிஸ்க்கைத் தொடும், எர்த் கிடைக்கும், விளக்கு எரியும். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒயர் நடுவில் அறுந்துபோனால் விளக்கு எரியவே எரியாது. எல்லாம் நன்றாக இருப்பதாக ஓட்டுபவர் நினைத்துக்கொள்வார்.

பி.எம்.டபிள்யூ போன்றவர்கள் ஒயரை ஒரு வளையமாக வைத்தார்கள். வளையம் முழுதாக இருக்கும்வரை மின்சாரம் ஓடும். பேட் தேய்ந்து டிஸ்க் அந்த வளையத்தை அறுத்தால் விளக்கு எரியும். எலி கடித்து அறுந்தாலும் எரியும். இந்த யோசனை புதிதல்ல. 1872ல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் ரயில் தண்டவாளத்துக்குக் காப்புரிமை பெற்ற மூடிய மின்சுற்றிலும் இதே தத்துவம்தான். ஒயர் அறுந்தால் 'ஆபத்து' என்று காட்டு. பொய்யாகப் பயமுறுத்தினாலும் பரவாயில்லை, பொய்யாகத் தைரியம் சொல்லக் கூடாது.

சரி, சென்னையில் இந்த ஒயர் எப்படிக் கெடுகிறது? நிறுத்தி வைத்த காரில் எலி கடிக்கும். கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் கார்கள் மூழ்கியே கிடந்தன. அப்படி நனைந்த கனெக்டர்கள் பல மாதம் கழித்துக்கூடத் தொந்தரவு கொடுக்கும்.

இங்கேதான் ஒரு ஆபத்தான குறுக்கு வழி இருக்கிறது. அறுந்த சென்சாரின் இரண்டு ஒயர்களையும் முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் வளையம் மூடிக்கொள்ளும். விளக்கு அணைந்துவிடும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கார் இனி ஒருபோதும் எச்சரிக்காது. பேட் முழுதாகத் தேய்ந்து, பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கும்போதுதான் தெரியும். அப்போது வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

சரியான வழி கஷ்டமானதல்ல. முதலில் சக்கரத்தைக் கழற்றி பேடின் கனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பேடில் இருக்கும் சென்சார் ஒயர் அறுந்திருந்தால் ஒட்டுப் போடாமல் புதிய சென்சார் மாற்ற வேண்டும். காரின் பக்கத்து ஒயர் அறுந்திருந்தால் சால்டர் வைத்து, ஈரம் புகாத ஸ்லீவ் போட்டு, பழைய கிளிப்புகளிலேயே மாட்ட வேண்டும். ஸ்டியரிங் திரும்பும்போது இழுபடாதபடி கொஞ்சம் தளர்வும் விட வேண்டும். சில கார்களில் பிறகு கம்ப்யூட்டரில் ரீசெட் செய்ய வேண்டியிருக்கும்.

அன்று பெர்த்தா பென்ஸுக்குப் பிரேக் தேய்ந்தது இறக்கத்தில், வண்டி ஓடும்போதுதான் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் அதே 1888க்குத்தான் திரும்பிப் போகிறார்கள். அவர்கள் ஓட்டுவது மட்டும் உஸ்மான் சாலைக் கூட்டத்தின் நடுவில்!