ஒரிகமி: வாளுக்குச் சான்று சொன்ன சொல்

ஜப்பானிய மொழியில் ‘ஒரு’ என்றால் மடிப்பது. நம்முடைய ‘ஒரு’வோடு ஒலி ஒத்துப்போகிறதே என்று உறவு கொண்டாடிவிடக் கூடாது, அது தற்செயல். ‘கமி’ என்றால் காகிதம். ‘ஒரி’யோடு ‘கமி’ சேரும்போது ககரம் ‘தங்கம்’ என்ற சொல்லில் ஒலிப்பதுபோல் மெலிகிறது. தமிழில் ‘ஓரிகாமி’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். மூலத்தில் எல்லாமே குறில். ஆகவே ‘ஒரிகமி’ என்பதே சரி. இங்கே அப்படியே எழுதுகிறேன்.

இந்தச் சொல் முதலில் பிள்ளைகளுடையதாக இருக்கவில்லை. முழுத் தாளை நீளவாட்டில் இரண்டாக மடித்து எழுதிய கடிதம், பட்டியல், பத்திரம் ஆகியவற்றுக்கு அது பெயர். வாள்களின் தரம் பார்ப்பதில் பேர்பெற்ற ஹொனாமி குடும்பத்தார், இது இன்னார் அடித்த வாள்தான் என்று எழுதிக் கொடுத்த சான்றும் ஒரிகமிதான். ‘ஒரிகமி உடையது’ என்றால் நம்பி வாங்கலாம் என்ற பொருள் ஜப்பானியரின் பேச்சில் இன்றும் இருக்கிறது.

அப்படியானால் காகிதம் மடிக்கும் விளையாட்டை என்னவென்று அழைத்தார்கள்? ‘ஒரிசுயே’, ‘ஒரிகத்தா’ என்ற பெயர்கள் இருந்தன. 1797-இல் கியோத்தோவில் வெளிவந்த மடிப்பு நூலின் பெயரே ‘ஹிடென் சென்பசுரு ஒரிகத்தா’. ஆயிரம் கொக்குகளை மடிக்கும் இரகசியம் என்று பொருள். ஒரே தாளில் அங்கங்கே வெட்டுக் கொடுத்து, அலகும் இறகும் ஒட்டியபடி நிற்கும் கொக்குக் கூட்டங்களை அது சொல்லித் தருகிறது. மொத்தம் 49 வடிவங்கள். அந்நூலில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று: வடிவங்களுக்குப் பெயர் சூட்டி, பக்கத்திலேயே ‘கியோகா’ என்னும் நகைச்சுவைப் பாட்டையும் அச்சிட்டிருக்கிறார்கள். ஹைக்கூவுக்கு 17 அசை, கியோகாவுக்கு 31. கை மடிப்பதை வாய் பாடியிருக்கிறது.

பிறகு ஜெர்மானியக் கல்வியாளர் ஃபுரோபெல் வகுத்த மழலையர் கல்வி ஜப்பானுக்கு வந்தது. 1876-இல் தோக்கியோ மகளிர் ஆசிரியர் பள்ளியோடு ஒரு மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. ஃபுரோபெல் முறையில் காகிதம் மடிப்பதும் ஒரு பாடம். வகுப்பறை வழியே பரவிய அந்த விளையாட்டின்மேல் ‘ஒரிகமி’ என்ற பெயர் மெல்ல வந்து அமர்ந்தது. அதே ஃபுரோபெல் பாடம் சென்னையையும் எட்டியது. டி. சுந்தர ராவ் அதிலிருந்து தூண்டுதல் பெற்று, தாளை மடித்தே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலை 1893-இல் இங்கே வெளியிட்டார். கணிதம் அப்படி மடிப்போடு சேர்ந்தது. பாட்டுதான் வழியில் எங்கோ கழன்றுபோனது.

பிள்ளைகளுக்கு ஒரிகமி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கொக்கை மடித்து முடித்ததும் அதன் இறகில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். ஹைக்கூவைப்போல் ஐந்து, ஏழு, ஐந்து என்று அசைகளை எண்ணவைக்காதீர்கள். ஜப்பானியரின் அசைக்கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. வயலிலோ ஏரிக்கரையிலோ தான் பார்த்த கொக்கைப் பற்றி அந்தப் பிள்ளை எழுதட்டும்.