விடுபட்ட ஆறாவது ஆள்

1981 ஜூன் 5. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சின்னக் குறிப்பு. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா, ஐவரும் தன்பாலீர்ப்பாளர்கள். எய்ட்ஸின் எழுதப்பட்ட வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. ஐவரும் வெள்ளையர்கள். குறிப்பை எழுதியவர்களில் முதன்மையானவரான மைக்கேல் காட்லீப் பல ஆண்டுகள் கழித்து ஒன்று சொன்னார்: அடுத்து வந்த ஆறாவது நோயாளி ஒரு கருப்பினத் தன்பாலீர்ப்பாளர். குறிப்பில் அவர் இல்லை.

ஒரு ஆள் விட்டுப்போச்சு, அவ்வளவுதானே? இல்லை. 'இது வெள்ளைக்காரப் பசங்களோட நோய்' என்ற எண்ணம் அங்கிருந்தே பரவியது. நிதியும் பிரச்சாரமும் அதன் பின்னாலேயே போயின.

1986-ல் லாஸ் வேகாஸில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் மாநாடு. எய்ட்ஸ் அமர்வின் மேடையில் ஒரு கருப்பினத்தவர்கூட இல்லை. எய்ட்ஸோடு வாழ்ந்துகொண்டிருந்த கிரெய்க் ஹாரிஸ் நேராக மேடையேறி மைக்கைப் பிடுங்கிப் பேசினார். அடுத்த ஆண்டே தேசியச் சிறுபான்மையினர் எய்ட்ஸ் கவுன்சில் உருவானது.

அதே 1986-ல்தான் போதைப்பொருள் சட்டமும் வந்தது. 5 கிராம் கிராக் விற்பனைக்கு வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டு சிறை. அதே தண்டனை பவுடர் கோகெய்னுக்கு வேண்டுமென்றால் 500 கிராம் இருக்கணும். கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர். 1988-ல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டங்களுக்கு மத்திய அரசின் பணம் தடை செய்யப்பட்டது. ஊசியைப் பகிர்ந்தால் கிருமி பரவும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. போதைப் பழக்கம் நோயாகப் பார்க்கப்படவில்லை, குற்றமாகத்தான் பார்க்கப்பட்டது. போலீசுக்குப் பயப்படுகிறவன் கிளினிக்குக்கு எப்படி வருவான்?

இதற்கிடையில் ஒரு விளக்கம் ஊரெல்லாம் உலவியது. கருப்பினத் தன்பாலீர்ப்பாளர்களிடம் எச்.ஐ.வி. அதிகம், அப்போ அவங்க போதையும் அதிகமா இருக்கணும், இணைகளும் அதிகமா இருக்கணும். 2007-ல் கிரெக் மில்லெட்டும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முடிவு நேர் எதிர். வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் இவர்களிடம் போதைப்பொருள் பயன்பாடு குறைவு, இணைகளும் குறைவு. எல்லாரும் நம்பிய கதை கணக்கில் நிற்கவில்லை.

பிறகு எதுதான் காரணம்? கிருமி இருந்தவர்களில் மருந்து எடுப்பவர்கள் குறைவு. மருந்து கிருமியை அடக்கிவிட்டால் உடலுறவில் அது பரவாது. மருந்து கிடைக்காத ஊரில் ஒருவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஆபத்து கூடுதல். 2012-ல் லான்செட் இதழில் வந்த தொடர் ஆய்வு வறுமை, வேலையின்மை, சிறை ஆகியவற்றைச் சுட்டியது.

அதற்காகப் போதை ஒரு பிரச்சினையே இல்லைன்னு ஆகிடாது. கிராக்கும் மெத்தும் பிடித்துக்கொண்டவருக்கு மாத்திரை தவறும், ஆணுறை மறந்துபோகும். ஆனால் அவரைச் சிறையில் அடைத்தால் பழக்கத்தோடு சிகிச்சையும் அறுந்துபோகிறது. வெளியே வரும்போது வேலை இல்லை, காப்பீடும் இல்லை.

2012-லேயே தொற்றைத் தடுக்கும் தினசரி மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. 2016-ல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குப் போட்டது: அப்போதைய போக்கே தொடர்ந்தால் கருப்பினத் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களில் இரண்டில் ஒருவருக்கு வாழ்நாளில் தொற்று ஏற்படும். வெள்ளையர்களில் பதினொன்றில் ஒருவருக்கு. 2021-ல் வெளியான ஏழு நகர ஆய்வில் பங்கெடுத்த கருப்பினத் திருநங்கைகளில் 62 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. மருந்து இருந்தது; அது போய்ச்சேரும் வழிதான் இல்லை.

வழி போட்டவர்களும் உண்டு. நியூயார்க்கின் பால்ரூம் போட்டிகளில், கருப்பின, லத்தீன் திருநங்கைகளும் இளைஞர்களும் 'ஹவுஸ்' என்ற பெயரில் குடும்பம் அமைத்துக்கொண்டு ஆடிய அரங்குகளில், தொண்ணூறுகளிலிருந்து 'லேடெக்ஸ் பால்' நடக்கிறது. ஆட்டமும் பரிசும் ஒரு பக்கம், ஆணுறையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் இன்னொரு பக்கம். யாரையும் திருத்துவதற்காக நடத்தியதல்ல அது. 'நீ எப்படி இருக்கியோ அப்படியே வா' என்று கூப்பிட்ட இடம்.

அந்த ஆறாவது ஆளை 1981-ல் யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது.