புதிய பள்ளியின் முதல் வாரம்: சேர்க்கைக்குப் பின்னரும் தொடரும் சட்டப் பாதுகாப்பு

ஐந்தாம் வகுப்பைத் தன் குடியிருப்பை ஒட்டிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முடித்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குச் செல்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் நடுநிலைப் பள்ளியில் பயின்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு அவ்வாறே செல்கிறது. பல கிராமங்களில் இந்த மாற்றம் சேரியிலிருந்து ஊருக்குள் செல்லும் மாற்றமும் ஆகும். ஜூன் மாதத்தின் முதல் சில நாட்களில் பிள்ளை உண்ணாமல் திரும்பினாலோ, வயிற்றுவலி என்று காலையில் படுத்துக்கொண்டாலோ, “புது இடம், பழகினால் சரியாகிவிடும்” என்று ஆசிரியரும் சொல்கிறார், பெற்றோரும் சொல்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது உண்மைதான். ஆயினும் தலித் பிள்ளையைப் பொறுத்தவரை, அந்தத் தயக்கத்தின் காரணத்தை விசாரிக்காமல் கடந்துசெல்வது ஆபத்தானது என்று நாங்கள் கருதுகிறோம்.

இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தன் வரலாற்றுச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் பயின்ற நாட்களைக் குறிப்பிடுகிறார். தன் சாதியும் வசிப்பிடமும் சக மாணவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவர் யாருடனும் விளையாடவில்லை. முன்னதாக வந்துவிட்டால் வெளியே தனித்து அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணியடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைந்தார். பள்ளி முடிந்ததும் மற்றவர்கள் உடன்வந்துவிடாதபடி விரைந்து வீடு திரும்பினார். இதைக் கண்ட ஓர் ஆசிரியர், ‘கூச்ச சுபாவம் உள்ள பையன்’ என்று எழுதி வைத்திருக்கக்கூடும். நூறாண்டுகளுக்கும் மேலாகிவிட்ட பிறகும், முதல் வாரத்தில் தனியே நிற்கும் பிள்ளையைப் பற்றி நம் பள்ளிகள் எழுதும் குறிப்பு அதிகம் மாறிவிடவில்லை.

சாதி எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் நேரடியாகச் சாதியைக் கேட்பதில்லை. “எந்த ஊர்?” என்பது முதல் கேள்வி. “அந்த ஊரில் எந்தத் தெரு?” என்பது இரண்டாவது. எந்த நிறுத்தத்தில் பேருந்து ஏறுகிறாய், எந்தக் கோயில் கொடைக்கு வரி கொடுக்கிறீர்கள் என்பவையும் அதே கேள்வியின் வேறு வடிவங்களே. தென் மாவட்டங்களில் கைகளில் கட்டப்படும் வண்ணக் கயிறுகள் கேள்வியின்றியே அணி பிரித்துவிடுகின்றன. விடுதிப் பிள்ளைகளுக்கோ முகவரியே போதும். 2025 ஜூலையில் அரசு விடுதிகள் அனைத்தும் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று அழைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் பழைய பெயரை ஊர் அவ்வளவு எளிதில் மறந்துவிடாது.

இவற்றையெல்லாம் விடக் கொடியது, பள்ளியே அந்தத் தகவலை வெளியிடுவதுதான். உதவித்தொகை விண்ணப்பம் வந்ததும் “எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்” என்று வகுப்பில் அறிவிக்கும் ஆசிரியருக்குத் தீய நோக்கம் இல்லாமலிருக்கலாம். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதே அவர் எண்ணமாக இருக்கலாம். எழுந்து நின்ற பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடத்தின் விளைவு பள்ளி வாழ்க்கை முடியும்வரை நீடிக்கிறது. உரிமையாகக் கிடைக்க வேண்டிய தொகையை, பெயரைக் கொடுக்காமலே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

இது குறித்து அரசுக்கு ஏற்கெனவே தெளிவான பரிந்துரை கிடைத்துள்ளது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த பத்தி இருக்கக் கூடாது, மாணவரைச் சாதியைக் குறித்து நேரடியாகவோ மறைமுகமாகவோ அழைக்கக் கூடாது, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காமல் தனியே அழைத்துத் தெரிவிக்க வேண்டும், பெயரின் அகரவரிசைப்படி அமரவைக்க வேண்டும், சாதியைக் காட்டும் கயிறுகளுக்குத் தடை விதிக்க வேண்டும் என்றெல்லாம் கூறுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. ஒரு தலைமையாசிரியர் நினைத்தால் பள்ளி திறக்கும் நாளிலேயே செய்துவிடலாம். இருக்கை வரிசையை நாங்கள் குறிப்பாக வலியுறுத்துகிறோம். “விருப்பப்படி உட்காருங்கள்” என்று முதல் நாளில் விட்டுவிட்டால், தெருவின் வரைபடம் அப்படியே வகுப்பறையில் வந்து அமர்ந்துகொள்கிறது.

பரிந்துரை வேறு, சட்டம் வேறு. முதலில் சேர்க்கை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பொருந்தும். அதன் 5-ஆம் பிரிவின்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. 14-ஆம் பிரிவின்படி, வயதுச் சான்று இல்லை என்பதும் மறுப்புக்குக் காரணமாகாது. 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் இச்சட்டம் துணைக்கு வராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சேர்க்கைக்குப் பிந்தைய நாட்களுக்கு உதவும் சட்டம் ஒன்று உண்டு. வழக்கறிஞர்களே அதை அரிதாகத்தான் எடுத்தாள்கிறார்கள். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் கல்வி நிறுவனத்திலோ விடுதியிலோ சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்குகிறது. அதோடு நிற்காமல், சேர்த்துக்கொண்ட பின் பாகுபாடு காட்டும் எந்தச் செயலையும் அதே பிரிவு குற்றமாக்குகிறது. தனி வரிசை, தனித் தம்ளர், சத்துணவுக்குத் தனிப் பந்தி, குறிப்பிட்ட பிள்ளைகளுக்கு மட்டும் துடைப்பம் ஆகியவை இதற்குள் வரும். கடைசியாகச் சொன்னது பழங்கதையன்று. ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே, பட்டியலினப் பிள்ளைகளைக் கழிவறை கழுவவைத்த புகாரில் 2022 இறுதியில் ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார்.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பின், கல்வி நிறுவனத்துக்குள் நுழைவதைத் தடுப்பதையும் வன்கொடுமையாகக் கொள்கிறது. சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவது, இழிவுபடுத்தும் நோக்கில் அவமதிப்பது ஆகியவற்றுக்கு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் அது நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே என்ன சொல்லப்பட்டது என்பதோடு, யார் யார் முன்னிலையில் சொல்லப்பட்டது என்பதும் முக்கியம். வழக்குகள் பலவும் தளர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

எனவே பெற்றோர் செய்ய வேண்டியது: பிள்ளையிடம் “பள்ளி எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். யாருக்கு அருகில் உட்கார்ந்தாய், எங்கே தண்ணீர் குடித்தாய், யாரோடு சாப்பிட்டாய், வகுப்பை யார் பெருக்கினார்கள் என்று கேளுங்கள். பதிலில் நெருடல் இருந்தால் நாள், நேரம், இடம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகப் பேசுவதோடு நிறுத்தாமல், இரண்டு படிகளாக மனு எழுதி, ஒன்றில் தேதியோடு கையொப்பம் பெறுங்கள். ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லப்பட்ட புகார்களுக்குப் பெரும்பாலும் எந்தப் பதிவும் மிஞ்சுவதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, வன்கொடுமை தொடர்பான 14566 ஆகிய உதவி எண்களில் புகார் செய்தாலும் எழுத்து மனுவைக் கைவிட வேண்டாம்.

பிள்ளை தொடர்ந்து விடுப்பு எடுப்பது எல்லாவற்றையும்விட அவசரமான அறிகுறி. நாங்குநேரி மாணவரும் தாக்குதலுக்கு முன் சில நாட்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. காரணம் கேட்கப்பட்டபோதுதான் சக மாணவர்களின் துன்புறுத்தல் வெளிவந்தது. அன்றிரவே அரிவாள் வந்தது. புகார் கொடுத்த பிள்ளையை அன்று மாலை யார் பாதுகாப்பது என்ற கேள்விக்கு அந்தப் பள்ளியிடம் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இன்றும் இல்லை. புகார் பெறும் நாளிலேயே, பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கு அது தெரியுமுன், காவல்துறைக்குத் தகவல் தரும்படி எழுத்தில் கோர வேண்டும்.

சீண்டுகிறவர்களும் சிறுவர்கள்தானே என்று கேட்கப்படுகிறது. உண்மை. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இளைஞர் நீதிச் சட்டத்தின்படியே நடத்தப்பட வேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. பதின்மூன்று வயதுப் பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்புவதால் வகுப்பறை சமத்துவமாகிவிடாது. எனினும் அவன் வயதைக் காட்டித் தலைமையாசிரியர் தம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது.

கடைசியாக, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். புதிய பள்ளியில் பிள்ளையைச் சேர்த்ததும், குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அடுத்த கூட்டம் எந்த நாளில் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருக்கை வரிசையும் உதவித்தொகை அறிவிப்பு முறையும் அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டிய பொருள்கள்.