இருட்டறையிலிருந்து கிராபிக்ஸ் கார்டு வரை

பெரம்பலூர், அரியலூர் கடைத்தெரு ஸ்டுடியோக்களில் விறைத்து நின்று படம் எடுத்துக்கொண்ட தலைமுறை நாம். 'டார்க் ரூம்' என்றால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிவப்பு விளக்கு, ஹைப்போ நெடி, கிளிப்பில் தொங்கும் ஈரப் படங்கள். இன்று அந்த அறை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. லினக்ஸில் பலர் பயன்படுத்தும் 'டார்க்டேபிள்' என்ற மென்பொருளின் பெயரே, டார்க் ரூமையும் நெகட்டிவ் பார்க்கும் லைட் டேபிளையும் சேர்த்து வைத்ததுதான். யோகானஸ் ஹனிகா என்பவர் 2009-ல் அதைத் தொடங்கினார். அதை வேகமாக ஓடவைக்கப் பட்ட பாடு ஒரு தனி வரலாறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் படம் என்றால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தின் பொரிப்பொரியைப் போக்க, ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டரின் சிபியு என்பது நாலைந்து கெட்டிக்கார குமாஸ்தாக்கள் உள்ள ஆபீஸ். எந்தக் கோப்பையும் முடிப்பார்கள், ஆனால் ஆள் குறைவு. கிராபிக்ஸ் கார்டில் உள்ள ஜிபியு, மக்காச்சோளக் கொல்லையில் களையெடுக்க வரிசையாக இறங்கும் கூட்டம். வேலை ஒன்றேதான், ஒருவர் முடிக்க மற்றவர் காத்திருக்க வேண்டாம். படத் திருத்தத்துக்கு இந்தக் கூட்டம்தான் தோது.

இந்தக் கார்டுகள் முதலில் வீடியோ விளையாட்டுக்காக வந்தவை. என்விடியா கம்பெனி 1999-ல் 'ஜீஃபோர்ஸ் 256' கார்டை ஜிபியு என்ற பெயரோடு விற்றது. 2007-ல் 'கூடா' மூலம் மற்ற கணக்குகளுக்கும் வழி திறந்தது. ஆனால் அந்த வழி அதன் சொந்தக் கார்டுகளுக்கு மட்டும். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான 'ஓப்பன்சிஎல்' விதிமுறை 2008 டிசம்பரில் வந்தது. டார்க்டேபிள் அதைப் பிடித்துக்கொண்டது.

சிக்கல் எங்கே என்றால் டிரைவரில். கொல்லைக்கும் ஆட்களுக்கும் நடுவே நிற்கும் மேஸ்திரி மாதிரி அது. என்விடியாவின் மேஸ்திரி லினக்ஸில் காசு கேட்கமாட்டார். ஆனால் ஆட்களை எப்படி வேலை வாங்குகிறார் என்று யாருக்கும் சொல்லவும் மாட்டார். லினக்ஸின் கெர்னலைப் புதுப்பித்தால் அவர் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வேகம் போச்சு. பழைய கார்டுக்குக் கம்பெனி ஆதரவை நிறுத்திவிட்டால், பழுதில்லாத கார்டும் மெல்லப் பயனற்றுப் போகும். கார்டின் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே மாற்று டிரைவர் எழுதினார்கள் தன்னார்வலர்கள். அதற்கு வைத்த பெயர் 'நூவோ'. பிரெஞ்சில் 'புதிய' என்று பொருள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிக்கும். பிரெஞ்சில் 'கிராட்டுயி' வேறு, 'லீப்ர்' வேறு. தமிழிலும் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. அந்த டிரைவர் இலவசம், கட்டற்றது இல்லை.

புகைப்படக் கலை பிறந்தபோதே இந்தக் கேள்வி எழுந்தது. 1839-ல் பிரெஞ்சு அரசு டாகருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், அவருடைய கூட்டாளியாக இருந்து மறைந்த நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க் என்று ஓய்வூதியம் நிர்ணயித்து, செய்முறையை வாங்கி, ஆகஸ்ட் 19 அன்று பகிரங்கப்படுத்தியது. (இங்கிலாந்தில் மட்டும் டாகர் முன்கூட்டியே காப்புரிமை எடுத்துவிட்டார்.) பென்ஷன் கொடுத்து ரகசியத்தைத் திறந்த அரசு! பென்ஷன்தாரர்களான நமக்கு இதில் தனிச் சந்தோஷம்.

கார்டு உலகில் கதவு மெதுவாகத்தான் திறந்தது. அரியலூர் மீண்டும் தனி மாவட்டமான அதே 2007-ல் ஏஎம்டி கம்பெனி, தன் கார்டுகளின் தொழில்நுட்ப விவரங்களை லினக்ஸ்காரர்களுக்கு வெளியிடத் தொடங்கியது. 2012-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு கூட்டத்தில் என்விடியாவைக் கடுமையாகத் திட்டினார். 2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்தது. அதுவும் பிந்தைய தலைமுறைக் கார்டுகளுக்குத்தான். அதே ஆண்டு, கட்டற்ற டிரைவர் தொகுப்பான மீசாவில் 'ரஸ்டிசிஎல்' என்ற புதிய ஓப்பன்சிஎல் சேர்ந்தது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு வந்த லேப்டாப்களில், சென்னை சி-டாக்கில் உருவான 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதிலிருந்து லினக்ஸைக் கற்ற பேரப்பிள்ளை பலர் வீட்டில் உண்டு. சாத்தனூர் கல்மரத்தையோ கங்கைகொண்ட சோழபுரத்தையோ எடுத்துவந்து, படத்தைத் திருத்த உட்கார்ந்தால் மெஷின் திணறுகிறதா? உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். 'டார்க்டேபிள்-சிஎல்டெஸ்ட்' என்ற கட்டளையை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டை மென்பொருள் கண்டுகொண்டதா, இல்லையென்றால் ஏன் என்று அது சொல்லும். பல நேரம் டிரைவரோ, அதோடு சேர வேண்டிய ஓப்பன்சிஎல் தொகுப்போ நிறுவப்படாமல் இருக்கும். அப்படியும் சரிவராவிட்டால் சிபியுவே வேலையை முடிக்கும். நேரம் கூடும், படத்துக்குக் குறைவு வராது. நமக்கென்ன அவசரம்? ஸ்டுடியோக்காரர் "அடுத்த வாரம் வாங்க" என்றால் அடுத்த வாரம்தானே போனோம்!